ரெண்டு நாள் ஊறணும்

என் கணவரை அவருடைய நண்பர்கள் கமாண்டர் என்று கூப்பிடுகிறார்கள். அவர் ராணுவத்திலும் இருந்ததில்லை, கப்பலிலும் வேலை பார்த்ததில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளை மேனேஜர். எங்கள் வீட்டுக் கார் ஷெட்டில் ஒரு பழைய மர ஸ்பீட்போட் இருந்தது. அதை அவர் தன் கையாலேயே இழைத்து, பூசி, புதிதாக்கினார் என்று ஊர் முழுக்க நம்பியது. அந்த நம்பிக்கையில் கிடைத்த பட்டம் அது.

அந்தப் படகில் அவர் ஒரு திருகுகூட முடுக்கியதில்லை. முடுக்கியவள் நான். ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் திருகு.

வாங்கியது அவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஏதோ ஒரு தொழிற்சாலையின் பின்கட்டில் மழையில் கிடந்ததைப் பார்த்து மயங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பழைய பெயின்டைச் சுரண்டினார். மூன்றாவது ஞாயிறு இடுப்புப் பிடித்துக்கொண்டது. அதோடு சரி. கார் வெயிலில் காய்ந்தது, படகு நிழலில் மக்கியது. எட்டு மாதம் பொறுத்தேன். பிறகு ஒருநாள் எரிச்சலில் சுரண்டியை நானே கையில் எடுத்தேன். பெயின்ட் உரிந்த இடத்தில் சிவந்த மரம் தெரிந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடத்தில் எனக்கு அந்தப் படகைப் பிடித்துப்போய்விட்டது.

நான் பல் செட் செய்யும் லேப்பில் வேலை பார்க்கிறேன். அரை மில்லிமீட்டர் பிசகினால் ஒருவர் சாப்பாட்டை மெல்ல முடியாது, அப்படிப்பட்ட வேலை. திருகு இருந்த ஓட்டைகளில் மக்கிய மரத்தை லேப்பின் பழைய கொக்கி ஊசியால்தான் நோண்டி எடுத்தேன். அடியில் பலகைகளைத் தாங்கும் மூன்று விலாச்சட்டம் செத்துப்போயிருந்தது. புதுக் கட்டையைக் குழாய்க்குள் அடைத்து, ஆவி விட்டு, சூடு ஆறுவதற்குள் வளைத்துப் பொருத்தினேன். ஒவ்வொரு திருகின் தலைக்கு மேலும் ஒரு சின்ன மரத்தக்கை வைத்து அடைக்க வேண்டும். அதன் ரேகையும் பலகையின் ரேகையும் ஒரே பக்கம் ஓட வேண்டும். பிறகு உப்புத்தாள். பிறகு வார்னிஷ், தெருவில் புழுதி கிளம்புவதற்கு முன்னால், விடிந்தும் விடியாமலும், பதினான்கு பூச்சு. என்ஜினை மட்டும் ஒரு மெக்கானிக் வந்து சரிசெய்தார். மற்றதெல்லாம் நான். நாலு வருடம்.

அந்த நாலு வருடமும் கமாண்டர் என்ன செய்தார்? டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு போன் பேசினார். விருந்தாளி வந்தால் ஷெட்டுக்குக் கூட்டிப்போய் பலகையைத் தட்டிக் காட்டி, "கை ஒடிஞ்சுபோச்சுங்க இதுக்கு" என்பார். நான் அவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருப்பேன். என் தலைமுடியில் மரத்தூள் இருக்கும், நகத்துக்குள் வார்னிஷ் இருக்கும், ஒருவர் கண்ணிலும் அது படாது.

ஒரே ஒரு தடவை நேராகக் கேட்டேன்.

"ஏங்க, இத நான் செஞ்சேன்னு ஒருத்தர்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"அட, நீ வேற நான் வேறயா? யார் செஞ்சா என்ன?"

"யார் செஞ்சா என்னன்னா, நான் செஞ்சதாவே சொல்லுங்களேன்."

"சின்னப் புள்ள மாதிரி பேசாத" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார்.

எனக்குப் பாராட்டு விழா வேண்டாம். அந்தப் படகைச் செய்தது இவள் என்று நாலு பேர் முன்னால் அவர் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும், அவ்வளவுதான். ஏரிக்கரைப் படகு கிளப்பில் பழைய படகுகளின் கண்காட்சி வைக்கிறார்கள் என்று தெரிந்ததும், அங்கேயாவது சொல்வார் என்று நினைத்தேன். நினைத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

கண்காட்சி ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய வாரம் முழுக்க நான் ஒரே பாட்டைப் பாடினேன். நாலு வருடம் ஷெட்டில் காய்ந்த படகு அது. பலகைகள் சுருங்கி, இடையில் மெல்லிய சந்து விட்டிருக்கும். முதல் தடவை தண்ணீரில் இறக்கினால் சந்து வழியாகத் தண்ணீர் உள்ளே வரும். வரத்தான் வேண்டும். மரம் தண்ணீரைக் குடித்து, உப்பி, பலகையோடு பலகை நெருக்கிக்கொண்டால் சந்து தானாகவே அடைபடும். எந்த மரப்படகுக்கும் இதுதான் முறை.

"வெள்ளிக்கிழமையே தண்ணியில இறக்கிடுங்க. கயித்துல கட்டிப்போட்டு, பம்ப் ஓடவிடுங்க. ரெண்டு நாள் ஊறணும்."

"ஊறப்போட இது என்ன பருப்பா?"

"விளையாடாதீங்க. இறக்குவீங்களா மாட்டீங்களா?"

"இறக்கறேன்னு சொல்றேன்ல."

லேப்பில் அவசர ஆர்டர், வெள்ளியும் சனியும் என்னால் நகர முடியவில்லை. வெள்ளிக்கிழமை அவர் ட்ரெய்லரில் படகை ஏற்றிக்கொண்டு போனார். சாயங்காலம் கேட்டேன், "எல்லாம் ஆச்சு" என்றார். சனிக்கிழமையும் கேட்டேன். "ஆச்சுன்னு எத்தன தடவ சொல்றது?" என்று எரிந்து விழுந்தார்.

ஞாயிறு காலை நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போனேன். என் கணவரின் அக்கா அவர். சனிக்கிழமைதோறும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். கிளப் வாசலிலேயே படகு நின்றது. ட்ரெய்லர் மேலேயே, நல்ல வெயிலில், சருகாகக் காய்ந்து நின்றது. இரண்டு நாளாக அங்கேயேதான் நின்றிருக்கிறது. வருகிறவர்கள் பளபளப்பைப் பார்க்க வேண்டுமாம். சுற்றிலும் ஒரு கூட்டம். நடுவில் இவர், வெள்ளைத் தொப்பியோடு, வார்னிஷ் எத்தனை பூச்சு என்று விளக்கிக்கொண்டிருந்தார். அதையும் பன்னிரண்டு என்று தப்பாகச் சொன்னார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கையைப் பிடித்தேன். "தண்ணியில இறக்கவே இல்லையா?"

"மெதுவாப் பேசு. எல்லாரும் பாக்கறாங்க."

"எங்கிட்ட பொய்தானே சொன்னீங்க?"

"இப்பத்தான் இறக்கப்போறோமே. செக்ரட்டரியே ஏர்றார். ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடுவோம்."

"போகாதீங்க. இப்ப இறக்கினா தண்ணி உள்ள வரும்" என்று சத்தமாகவே சொன்னேன். கிளப் செக்ரட்டரி திரும்பிப் பார்த்தார். இவர் அவர் தோளில் கை போட்டுச் சிரித்தார். "பொம்பளைங்களுக்குத் தண்ணின்னாலே பயம் சார். நாலு வருஷமா என் கை படாத இடம் இதுல கிடையாது. நீங்க ஏறுங்க." கூட்டமும் சிரித்தது. நாத்தனாரிடம், "அண்ணி, நீங்க ஏறாதீங்க" என்றேன். "தம்பி ஓட்டறான், எனக்கென்ன பயம்?" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். மூன்று பேருக்கும் லைஃப் ஜாக்கெட்டை நான்தான் ஓடிப்போய் எடுத்து வந்து கொடுத்தேன். அதையாவது மறுக்காமல் போட்டுக்கொண்டார்கள்.

என்ஜின் அழகாகக் கிளம்பியது. கரையிலிருந்து நூறு அடிகூடப் போயிருக்காது, நாத்தனார் காலைத் தூக்கி சீட்டில் வைப்பது தெரிந்தது. பிறகு கைப்பையைத் தூக்கினார். பிறகு அலறினார். என்ஜின் இருமிவிட்டு நின்றது.

"பம்ப் போடுங்க!" என்று கத்தினேன்.

"பம்ப் எங்க இருக்கு?" என்று படகிலிருந்து கத்தினார் கமாண்டர்.

கரையில் இருந்த அத்தனை பேரும் அதைக் கேட்டார்கள். "உங்க சீட்டுக்கு அடியில! இடது பக்கம்! சிவப்பு ஸ்விட்ச்!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். செக்ரட்டரிதான் குனிந்து தேடிப் போட்டார். கிளப் ஆட்கள் இன்னொரு படகில் போய்க் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். இறங்கும்போது மூவருக்கும் முழங்கால் வரை தண்ணீர். செக்ரட்டரி ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார்.

"என்ன சார் இது? பாத்துப் பாத்துச் செஞ்சேன்னு சொன்னீங்க?"

என் கணவர் தொப்பியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். பிறகு, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

"நான் எங்க சார் செஞ்சேன்? பலகை, திருகு எல்லாம் இவ போட்டது. வேணாம், தெரிஞ்ச ஆளா வெச்சுப் பண்ணலாம்னு அப்பவே சொன்னேன். கேட்டாத்தானே?"

நாலு வருடமாக எந்த வார்த்தைக்குக் காத்திருந்தேனோ அந்த வார்த்தை வந்துவிட்டது. நாலு பேர் முன்னால், அவர் வாயாலேயே வந்தது. செக்ரட்டரி பக்கம் திரும்பினேன்.

"ஆமா சார். எல்லாம் நான்தான் செஞ்சேன்" என்றேன். "ஒவ்வொரு பலகையும் நான் போட்டது. வேலையில எந்தக் கோளாறும் இல்ல. காஞ்ச மரப்படகு முதல் நாள் தண்ணி குடிக்கும். ரெண்டு நாள் ஊறணும்னு ஒரு வாரமா சொன்னேன். இறக்கியாச்சுன்னு எங்கிட்ட பொய் சொல்லிட்டு உங்கள ஏத்தியிருக்கார். படகு இங்கயே தண்ணியில கெடக்கட்டும். செவ்வாய்க்கிழமை வாங்க, ஒரு சொட்டு உள்ள வராது. ஓட்டறது நானா இருப்பேன்."

யாரும் சிரிக்கவில்லை. செக்ரட்டரி ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே என்னிடம், "அந்தத் தக்கையெல்லாம் ரேகை சேத்து வெச்சது நீங்களாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இவர் என் காதோரம் வந்து, "மானத்த வாங்காத, வா போலாம்" என்றார். "நீங்க போங்க" என்றேன். தொப்பியை மாட்டிக்கொண்டார். பிறகு காருக்குப் போய்விட்டார்.

நான் படகை ஓரமாகக் கட்டிவிட்டு, பம்ப் ஓட ஓட வாளியாலும் தண்ணீரை இறைக்க ஆரம்பித்தேன். நாத்தனார் புடவையைப் பிழிந்துகொண்டே பக்கத்தில் வந்து இன்னொரு வாளியை எடுத்தார். "எனக்குத் தெரியாதா? சனிக்கெழம சனிக்கெழம நான் பாத்திருக்கேனே. நீதானே அடியில படுத்துக் கெடப்ப" என்றார்.

ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு இன்னும் எரிந்தது. "அப்ப ஏன் அண்ணி நாலு வருஷமா ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "நீயே சொல்லலையேம்மா" என்றார்.

காபித் தட்டை நீட்டிக்கொண்டு நின்ற ஒவ்வொரு தடவையும் என் வாய்க்கு யார் பூட்டுப் போட்டார்கள்? அவர் சொல்லட்டும், அவராகச் சொல்லட்டும் என்று வீம்பாக இருந்தது நான்தான்.

மத்தியானத்துக்கு மேல் கூட்டம் கூடியது. தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்த படகைப் பார்த்து ஒரு பெரியவர் நின்று, "யாரும்மா செஞ்சது இத?" என்று கேட்டார். "நான்" என்றேன். அவரோடு வந்தவர்களுக்கும் சொன்னேன். சாயங்காலம் கிளப்பின் கதவைச் சாத்தும் வரை, அந்தப் பக்கம் வந்து கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காமல் போனவர்களை நிறுத்தி வைத்தும் சொன்னேன்.