பத்துக் குழிக்கும் சமமாக

மூன்று ஆண்டு வேலையில் எனக்கு அன்று மிஞ்சியிருந்தது சில சொட்டு சாம்பிள். அதில் ஐந்து புரதங்கள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு ஒரே கூட்டமாக இருக்கின்றன என்பது என் வாதம். மறுநாள் மதிப்பீட்டுக் குழுவிடம் அதைக் காட்டாவிட்டால் என் ஆய்வு அத்தோடு சரி.

காட்ட ஒரே வழி ஜெல் என்ற மெல்லிய கூழ்ப் பலகை. அதன் தலைமாட்டில் உள்ள குழியில் சாம்பிளை விட்டு மின்சாரம் பாய்ச்சினால் சின்னது முந்தும், பெரிய கூட்டம் பின்தங்கும். ஆனால் குளிர் வேண்டும், இல்லையென்றால் கூட்டம் கலைந்துவிடும். பல்கலைக்கழகக் குளிர் அறையோ கெட்டுப்போய் நான்கு மாதம். பழுதுபார்க்கும் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஓய்வு பெற்றதாகச் சொல்லும் பாரத்திலும் அவரே கையெழுத்துப் போட வேண்டுமாம்.

ஆகவே ஜெல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு, பண்டமாரானில் இறால் கடை வைத்திருக்கும் லியனார்ட் அங்கிளின் குளிர் அறைக்குப் போனேன். அவர் மனைவி உர்சுலா ஆன்டி ஜெல்லைக் குனிந்து பார்த்தார். கிள்ளான் மாதா கோயில் திருநாள் விருந்தில் முப்பது ஆண்டுகளாகப் பரிமாறுகிறவர். அவர் பந்தியில் யார் இலையும் காலியாக இருந்ததில்லை.

“பத்துக் குழி இருக்கே. எதெதுல ஊத்துவ?”

“முதல்ல அளவு காட்டுற கலவை, ஆன்டி. கடைசியில என் சாம்பிள். நடுவுல எல்லாம் காலி.”

“பாவம்லா,” என்றார்.

நான் சிரித்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அந்த நேரம் பார்த்து என் மேற்பார்வையாளர் டாக்டர் சிவேந்திரன் போன் செய்தார். உள்ளே லைன் கிடைக்காததால் வெளியே போய்ப் பேசினேன்.

திரும்பி வந்தபோது ஆன்டி கையில், சாம்பிளைச் சொட்டுச் சொட்டாக விடும் என் பிப்பெட். மின்சாரமும் ஓடிக்கொண்டிருந்தது.

“பத்துக்கும் சமமா ஊத்திட்டேன். ஒரு சொட்டு சிந்தல.”

ஊற்றியதைத் திரும்ப எடுக்க முடியாது. இறால் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதேன். அங்கிள் ஒரு கிளாஸ் சூடான மைலோ கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

மூன்று மணி நேரத்தில் பத்து நீலக் கோடுகள் வந்தன. ஒரே உயரம், ஒரே தடிமன். அளவு காட்டும் கலவைக்குத்தான் குழி இல்லாமல் போனது. அது இல்லாமல், அந்தக் கோடு ஐந்து பேர் சேர்ந்த கூட்டமா, தனியாக வந்த ஒருவனா என்று யாராலும் சொல்ல முடியாது.

மறுநாள் குழுவில் மூன்று பேர். ஜெல்லை வெகுநேரம் பார்த்தார்கள்.

“யாரு குழியில லோட் பண்ணா?” என்றார் டாக்டர் சிவேந்திரன்.

“எங்க ஆன்டி, சார்.”

“எந்த லேப்?”

“இறால் கடை, சார்.”

“இருபது வருஷத்துல இவ்வளவு சீரா நான் பார்த்ததில்ல,” என்றார் பக்கத்திலிருந்தவர். இன்னொருவர் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

“சார், ஆனா அளவு தெரியாதே,” என்றேன் நானே, வெட்கமில்லாமல்.

“அதனாலதான் உனக்கு ஆறு மாசம் எக்ஸ்டென்ஷன். சாம்பிள் மறுபடி செய். உன் ஆன்டியால திங்கக்கிழமை வேலைக்கு வர முடியுமான்னு கேளு,” என்றார் டாக்டர் சிவேந்திரன்.

திங்கட்கிழமை ஆன்டி வந்தார், என் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு. என் மேசையில் இருந்த, சாம்பிள் தீர்ந்த காலிக் குழாயை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவருக்கு உண்மையிலேயே மனசு கேட்கவில்லை.

“மூணு வருஷமா இவ்வளவுதான் செஞ்சியா, ஜானிஸ்? அடுத்த தடவ ஆள் எண்ணிச் செய்யிமா.”