இடது பக்கம் திரும்பாத கார்

சித்தப்பாவின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இடது பக்கம் திரும்பாது. அறுபதுகளில் வந்த வண்டி, அப்போது அதற்குத் தேவைப்படவில்லை. அந்தக் கார் இல்லாமல் சித்தப்பா எங்கும் போகமாட்டார். ஏற்கெனவே அவருடைய இரண்டு நிச்சயதார்த்தங்கள் இடது பக்கத் தெருக்களில் வைத்ததால் நின்றுபோயின. இந்த முறை கல்யாண மண்டபமே இடது பக்கம். மூன்று முறை வலது பக்கம் திரும்பியும் போகலாம், ஆனால் நடுவில் ஆறு.

மணப்பெண் வசுமதி போனில் சொல்லிவிட்டார். "முகூர்த்தத்துக்குள்ள வரலன்னா, பந்தியில உக்காந்து சாப்பிட்டுட்டு நான் பாட்டுக்கு வீட்டுக்குப் போயிடுவேன்."

திருச்சியில் பழைய உதிரிபாகக் கடை வைத்திருக்கும் நிஜாமுதீன் பாய் ஒரு பவர் ஸ்டீயரிங் எடுத்து வைத்தார். டவுன் பஸ்ஸில் இருந்தது.

"எல்லாப் பக்கமும் திரும்பும் தம்பி. ஆனா ரூட்ட விட்டு விலகாது."

"பழகிடுமா பாய்?"

"நீங்க பழகிக்குவீங்க."

கல்யாணத்தன்று காலை பழைய ஸ்டீயரிங்கை டிக்கியில் போட்டுவிட்டுக் கிளம்பினோம். கார் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நின்றது. கீரைக்கட்டோடு ஒரு அம்மா ஏறி என் மடியில் உட்கார்ந்தார். பின்னாலேயே ஏழாம் வகுப்பு முழுவதும் ஏறியது. இரண்டு சீட் வண்டியில் இன்னும் இடம் இருந்தது. எனக்கு எல்லார் குரலும் வரும். கண்டக்டர் குரலில், "படியில நிக்காத, உள்ள போ, உள்ள போ" என்றேன்.

"நாம இப்ப காரா, பஸ்ஸா?" என்று சித்தப்பா கேட்டார். பட்டு வேட்டி கீரைத் தண்ணீரில் நனைந்திருந்தது.

"டெப்போல போய்க் கேளு மாப்ள" என்றார் கீரைக்கார அம்மா.

மண்டபத் திருப்பத்தில் கார் நேராகவே போகப் பார்த்தது. உள்ளே நாதஸ்வரம் அவசரப்பட்டுக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் டவுன் பஸ் ரூட் மாறுவது ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். டிராஃபிக் போலீஸ் குரலில் சொன்னேன்: "யோவ், தேர் வருது. லெஃப்ட்ல போயிடு."

ஸ்டீயரிங் இடது பக்கம் திரும்பியது.

தாலி கட்டி முடித்ததும் வாசலில் தேர் நின்றது. வருகிறது என்று சொல்லியாகிவிட்டதால் வந்திருந்தது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவர், கட்டையைத் தோளில் வைத்தபடி உள்ளே வந்தார்.

"பழைய ஸ்டீயரிங் ஒண்ணு சும்மா கெடக்காமே?"

"அது இடது பக்கம் திரும்பாதுங்க" என்றார் சித்தப்பா.

"தேர் என்னிக்குய்யா இடது பக்கம் திரும்புச்சு? நாலு வீதியும் வலந்தான்."

வசுமதி சித்தி மாலையோடு போய் டிக்கியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். அது தேருக்கு அளவாக இருந்தது. கீரைக்கார அம்மா தேரில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

நான் இரண்டு விசில் கொடுத்தேன்.