கேதீஸ்வரி வாழ்த்திய வீடு

கேதீஸ்வரிக்கு வாய் சும்மா இராது. வாகரையிலிருந்து கதிர்காம முருகனிடம் நடக்கிற யாத்திரைக் கூட்டத்தில் தண்ணி தந்தவருக்கும் வாழ்த்து, நிழல் தந்த வேப்பமரத்துக்கும் வாழ்த்து. "சாமி, மூச்சையும் கொஞ்சம் விடுங்க," என்று வேல் தூக்கி முன்னால் போகிற நல்லரெத்தினம் சிரிப்பார். அவளுக்கு மூச்செல்லாம் மகள் மீனாம்பிகைதான். இரண்டு பிள்ளை வயிற்றிலேயே கலைந்து, மூன்றாவதைச் சுமந்துகொண்டு வீட்டில் படுத்திருக்கிறாள். "தாயும் பிள்ளையும் தப்பினாப் போதும் முருகா. வாகனம் ஏறாம, சாவும் பேறும் நடந்த துடக்கு வீட்டில பச்சைத்தண்ணியும் குடியாம நடந்து வாறன்" என்று நேர்ந்துதான் புறப்பட்டாள்.

சாய்ந்தமருதில் குதிக்கால் கொப்புளம் உடைந்து அவளை இருத்திப்போட்டது. மற்றவர்கள் காரைதீவுக் கோயில் மடத்துக்குப் போய்விட்டார்கள். "நீங்க போங்க, நான் மெல்ல வாறன்" என்று வீராப்பாய்ச் சொன்னதும் அவள்தான். பொழுது சாய்கிறது, காலை ஊன்ற ஏலவில்லை. அப்போதுதான் ஒரு ஒழுங்கைக்குள் பந்தலும் பிளாஸ்டிக் கதிரைகளும் கண்ணில் பட்டன. ஆண்கள் ஓதுகிறார்கள், சாம்பிராணி மணக்கிறது, தட்டுத் தட்டாய்ப் பழமும் பால்சோறும் போகிறது. ஓட்டமாவடிப் பக்கம் முஸ்லிம் வீடுகளில் இவள் பார்க்காத கந்தூரி விருந்தா! முருகன்தான் வழி காட்டினான் என்று பின்வாசல் பக்கமாய் நொண்டிக்கொண்டு போனாள்.

வீட்டுக்காரி சுல்பிகா திகைத்துப்போய் நின்றாள். பிறகு அவளுடைய காலைப் பார்த்தாள்.

"யா அல்லாஹ், இது என்ன கால்! இரிங்கம்மா."

சுடுதண்ணியும் உப்பும் கொண்டுவந்து அவளே கழுவிவிட்டாள். பால்சோறு வந்தது, பழம் வந்தது. கேதீஸ்வரி வெட்கப்படாமல் சாப்பிட்டாள். சுல்பிகாவின் கண் சிவந்திருந்ததை அடுப்புப் புகை என்று நினைத்தாள். வயிறு நிறைந்ததும் அந்த வாய் சும்மா இருக்குமா?

"தங்கச்சி, இந்த வீடு நல்லா இரிக்கும். வருசா வருசம் இதே மாதிரிப் பந்தல் போட்டு, இதே மாதிரிச் சோறு குடுக்க ஆண்டவன் உங்களுக்கு வழி விடணும்!"

பக்கத்துப் பெண்களின் கைகள் தட்டோடு அப்படியே நின்றன. ஒருத்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சுல்பிகா அவளுடைய கையைப் பிடித்து அமத்திவிட்டு, "சாப்பிடுங்கம்மா" என்றாள். படுக்க முன்னறையில் பாயும் விரித்துக் கொடுத்தாள்.

விடிய ஒரு பச்சைப்பிள்ளையின் அழுகைதான் எழுப்பியது. சுல்பிகா போத்தலை வாயில் வைக்க வைக்க அது முகத்தைத் திருப்பி வீரிட்டது.

"இதுக்கு எதுக்குகா போத்தல்? தாயைக் கூப்பிட்டுக் குடுக்கச் சொல்லுங்களன்."

"தாய் இல்லம்மா. என்ட மகள் நஸ்லா. பெத்த அண்டைக்கே மௌத்தாப் போயிட்டா. நேத்து ஓதினது அவ மௌத்தான மூணாம் நாள் கத்தம்."

கேதீஸ்வரி பாயை விட்டு எழுந்துவிட்டாள். செத்த வீடு. அதுவும் பிள்ளைப்பேற்றில் செத்தவளின் வீடு. அதில் உண்டு, உறங்கி, மகளுக்காக வைத்த நேர்த்தியைத் தின்று தீர்த்துவிட்டாள். அது போதாதென்று வாழ்த்து வேறு, வருசா வருசம்! தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள்.

"பாவி நான்! ஏன் தங்கச்சி சொல்லல்ல?"

"சொன்னாச் சாப்பிட மாட்டீங்க. உங்கட ஆக்கள்ற துடக்கு எனக்குத் தெரியும். அந்தக் காலோட வந்து நிக்கிறவங்களை எப்படிப் போகச் சொல்ற?" சுல்பிகா பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டாள். "அந்த வாழ்த்துத்தாம்மா... அதத்தான் தாங்க ஏலாமப் போச்சு."

கேதீஸ்வரி பிள்ளையை வாங்கி மடியில் போட்டாள். அழுதழுது தான் நடக்கிற காரணத்தையும் சொன்னாள். சுல்பிகா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மகள்ர பேரென்ன? நான் தொழுதிட்டு அவவுக்காக அல்லாஹ்ட்டக் கேக்கிறன்."

 பிள்ளைப்பேற்றில் சாவு விழுந்த இந்த வீட்டுக்குள் வைத்து, பிள்ளை சுமக்கிறவளின் பெயரைச் சொல்வதா? கல்லுக்கும் மரத்துக்கும் வாழ்த்துச் சொன்னவள் வாயை மூடிக்கொண்டாள். சுல்பிகா மறுபடி கேட்கவில்லை. கேதீஸ்வரி பிள்ளையைத் திருப்பிக் கொடுத்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளிக்கிட்டாள்.

காரைதீவில் கூட்டம் புறப்பட்டு நின்றது. நல்லரெத்தினம் விபூதித் தட்டோடு வந்தார். துடக்குப் பட்டவர்கள் கடலில் முழுகிவிட்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அதுதான் அவர்களுடைய கட்டு.

"தங்கின வீடு சுத்தமான வீடுதானே சாமி?"

"ஓம். அதை விடச் சுத்தமான வீட்ட நான் காணல்ல."

சொன்னவள் விபூதிக்குக் கை நீட்டவில்லை. அப்படியே திரும்பி, வந்த பாதையிலேயே நொண்டத் தொடங்கினாள்.

"எங்க போறீங்க? நாங்க நிக்க ஏலாது!"

"நீங்க போங்க சாமி," என்றாள் கேதீஸ்வரி. "மகள்ர பேரைச் சொல்லாம வந்திட்டன்."