உப்பில்லாத தட்டு

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பதெல்லாம் உயிரோடு இருப்பவர்களின் நாக்குக்குச் சொன்னது. கரீபியக் கடலில் உள்ள கரியாக்கூ தீவில் செத்தவர்களுக்கு உப்பு ஆகாது. அவர்களுக்கு வைக்கும் படையலில் ஒரு கல் உப்பு விழுந்தாலும் வாசலோடு திரும்பிவிடுவார்கள்.

இது தெரிந்தேதான் இஸ்மே சங்குக் குழம்பில் ஒரு பிடி உப்பை அள்ளிப் போட்டாள்.

படகு கவிழ்ந்து பதின்மூன்று மாதமாகிறது. படகு கிடைத்தது, அவள் கணவன் என்ரோய் கிடைக்கவில்லை. போன வாரம் அவன் தன் தங்கை வெர்லினின் கனவில் வந்து, பசிக்கிறது என்றானாம். செத்தவர் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியுமா? சொந்தபந்தமெல்லாம் முற்றத்தில் கூடிவிட்டது. சங்குச் சதையைத் தட்டித் தேங்காய்ப்பாலில் வேகவிட்டதும், சோளக் களி கிண்டியதும் இஸ்மேதான்.

"அண்ணி! என்ன காரியம் பண்ணினீங்க?" அடுப்பங்கரை வாசலில் வெர்லின் நின்றாள்.

"உசுரோட இருக்கிற மனுசனுக்குச் சப்புனு கொழம்பு வைக்க நான் என்ன கிறுக்கியா?"

"அண்ணன் செத்துட்டாரு அண்ணி."

"செத்திருந்தா முதல்ல யார்கிட்ட வந்திருப்பாரு? பதினஞ்சு வருசம் பக்கத்துல படுத்தவ நான். உன் கனவுக்கு வழி தெரிஞ்சவருக்கு என் கனவுக்கு வழி தெரியாதாக்கும்!"

இதுதான் ஒரு வாரமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது. பொறாமைதான், வேறென்ன. அதை ஒளிக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

வெர்லின் குரலைத் தாழ்த்தினாள். "சொன்னா தாங்கமாட்டீங்கன்னு மறைச்சேன். தினமும் வாசல் வரைக்கும் வர்றேன்னுதான் சொன்னாரு. ராத்திரி ராத்திரி அவர் தட்டுல மீன் கொழம்பு ஊத்தி வைக்கிறீங்களே அண்ணி, அதுல உப்பு இருக்குல்ல? அதைத் தாண்டி அவரு எப்படி உள்ள வருவாரு?"

இஸ்மே சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினாள். பதின்மூன்று மாதமாக ஒரு நாள் தவறாமல் வைத்த தட்டு. காத்திருப்பதாக நினைத்துக்கொண்டு, பசித்தவனைத் தன் கையாலேயே வெளியில் நிறுத்தியிருக்கிறாள். பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

சட்டியைக் கொல்லையில் கொட்டிக் கழுவினாள். மீதிச் சங்குச் சதையை எடுத்து மறுபடி தட்டத் தொடங்கினாள்.

"களி கல்லாப் போகுதும்மா!" என்று முற்றத்தில் யாரோ சத்தம் போட்டார்கள். அவள் காதில் வாங்கவில்லை.

பொழுது சாயும்போது தட்டை உள்ளறை மேசையில் வைத்தாள். தரையில் ரம் தெளித்து, வீட்டில் இறந்தவர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். மாமனார் பேரைச் சொன்னாள். மாமியார் பேரைச் சொன்னாள். அடுத்த பேர் வந்ததும் பாட்டிலைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"குடுங்க அண்ணி, நான் சொல்றேன்." வெர்லின் பாட்டிலுக்குக் கை நீட்டினாள்.

"வேணாம். நான்தான் கூப்பிடணும்."

ரம்மைத் தெளித்தாள்.

"என்ரோய்," என்றாள். "உள்ள வாங்க."