கடுகு என்ற டைனோசர்

என் பெயரில் ஒரு டைனோசர் இருக்கிறது என்றால் யாரும் நம்புவதில்லை. ஆட்டுக்குட்டி அளவுதான், இலை தின்னும் சாது. எலும்பைக் கண்டெடுத்துப் பெயர் வைத்தவள் என் அக்கா. எதற்கெடுத்தாலும் பொரிந்து தள்ளுவேன் என்பதால் வீட்டில் எனக்குக் கடுகு என்று பெயர். அதற்கு ஒரு லத்தீன் வாலை ஒட்டி, ஒன்பது வருஷத்துக்கு முன் அச்சிலும் ஏற்றிவிட்டாள். டாக்டர் பட்டம் வாங்கியது அவள், புத்தகங்களில் இருப்பது நான். சும்மா சொல்லக் கூடாது, எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

இருவரும் ஒரே அருங்காட்சியகத்தில்தான் வேலை செய்கிறோம். அவள் மாடியில் ஆய்வாளர். நான் கீழ்த்தளத்தில், கல்லாகிப்போன எலும்பை அறுப்பவள். வைர ரம்பத்தால் ஒரு சில்லு சீவி, கண்ணாடியில் ஒட்டி, வெளிச்சம் ஊடுருவும்வரை தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்தால் போச்சு, ஏழு கோடி வருஷம் தப்பிப் பிழைத்தது சாக்கடையில் ஓடிவிடும். சரியாக வந்தால் மைக்ரோஸ்கோப்பில், மரத்தில் இருப்பது போல வளையங்கள் தெரியும், வருஷத்துக்கு ஒன்று. வளர்ந்து முடிந்த விலங்கு என்றால் அவை ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

என் டைனோசரை மட்டும் அறுக்க அக்கா விடவே இல்லை. "இருக்கறதே நாலு பல்லும் ஒரு தொடை எலும்பும், அதையும் நீ பொடியாக்கணுமா?" என்று வாயை அடைத்துவிடுவாள். தன் கண்டுபிடிப்பில் ஒரு கீறல் விழக் கூடாதாம் என்று நானும் முணுமுணுத்துக்கொள்வேன்.

போன மாதம் அவளே அதைப் பஞ்சு வைத்த பெட்டியில் எடுத்துவந்து என் மேஜையில் வைத்தாள். அதே மலையில் இந்த வருஷம் காளைமாடு அளவுக்கு ஒரு டைனோசர் கிடைத்திருந்தது. அந்த இனம் முன்பே தெரிந்ததுதான், முப்பது வருஷத்துக்கு முன் யாரோ பெயர் வைத்தது.

"ரெண்டையும் ஒப்பிடணும். அறுத்துப் பாரு" என்றாள்.

எலும்பின் வடிவத்தை அச்சு வார்த்து வைத்துக்கொண்டு அறுத்தேன். வளையம் ஒன்றுகூட இல்லை. ரத்தக் குழாய் ஓடிய துளைகள் வெளி ஓரம்வரை திறந்து கிடந்தன. ஒரு வயதுகூட நிரம்பாமல், மளமளவென்று வளர்ந்துகொண்டிருந்த குழந்தை அது. பற்களின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மேடு பள்ளமெல்லாம் ஒன்றேதான். என் டைனோசர் தனி இனமே இல்லை, அந்தப் பெரியதன் குட்டி. இரண்டும் ஒன்றென்றால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும், அக்கா வைத்தது போய்விடும்.

மூன்று நாள் நான் வாயைத் திறக்கவில்லை. பசை இன்னும் காயவில்லை என்று புளுகினேன். என் பெயர் போவது ஒரு பக்கம் இருக்கட்டும், அவள் தப்பை நானா ஊர் முன்னால் போட்டு உடைப்பது? இன்னும் இரண்டு நிமிடம் தேய்த்தால் சில்லே இருக்காது, யாருக்குத் தெரியப்போகிறது என்றுகூட நினைத்தேன். கை வரவில்லை.

நான்காம் நாள் அவளே இறங்கிவந்தாள்.

"இன்னுமா காயல?"

"காஞ்சிடுச்சு" என்று நாற்காலியை விட்டு எழுந்தேன்.

உட்கார்ந்து நெடுநேரம் பார்த்தாள். "குட்டி" என்றாள்.

"மன்னிச்சுக்கோக்கா."

"நீ என்னடி பண்ணின? எனக்கு ஏழு வருஷமாவே சந்தேகம்."

"அப்புறம் ஏன் அறுக்க விடல?"

மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "பார்க்கறவங்ககிட்ட எல்லாம் என் பேர்ல டைனோசர் இருக்குன்னு சொல்லிட்டுத் திரிஞ்ச. அறுத்தா அது போயிடும். எனக்கு மனசு வரல."

எனக்கு வந்ததே கோபம். சந்தேகம் வந்த அன்றைக்கே சொல்லித் தொலைப்பதற்கென்ன, நீயெல்லாம் ஒரு ஆய்வாளரா என்று பொரிந்து தள்ளினேன்.

"தப்புதான். அதான் இப்ப கொண்டுவந்தேன்" என்றாள்.

அடுத்தவர் கட்டுரையில் ஒரு கமாவைக்கூட விட்டுக்கொடுக்காதவள். எனக்காக ஏழு வருஷம் இதை நெஞ்சில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். நானோ அவளைச் சுயநலக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாலையில், இந்தப் பெயர் இனி செல்லாது என்ற வரியை, இரண்டையும் ஒப்பிட்டு எழுதும் கட்டுரையில் சேர்க்க உட்கார்ந்தாள். அரை மணி நேரமாகியும் திரையில் ஒரு எழுத்து விழவில்லை. "தள்ளுக்கா" என்று அவளை நகர்த்திவிட்டு, அதை நானே தட்டி முடித்தேன்.