டோரின் மிஸ்ஸுக்குக் கேட்ட இரைச்சல்

சிறில் மெல்பேணுக்குப் போனபோது தன் ரெக்கோட் பிளேயரையும் இசைத்தட்டுகளையும் அக்கா டோரினிடம் விட்டுவிட்டுப் போனான். "அடுத்த வருசம் நீ வரேக்க கொண்டு வா" என்று சொல்லியிருந்தான். எண்பத்து நான்காம் ஆண்டு சொன்ன சொல் அது. டோரின் போகவில்லை. முதலில் அம்மா படுக்கையில் இருந்தாள். அம்மா கண்ணை மூடிய பிறகு, மாதா கோவிலில் ஓர்கன் வாசிக்க வேறு ஆளில்லை என்று ஒரு காரணம் இருந்தது. அதற்குப் பிறகு காரணம் கேட்பதற்கே யாரும் இருக்கவில்லை.

கொழும்பில், துறைமுகத்துக்குக் கிட்ட, கொட்டாஞ்சேனையில் அவளுடையது பழைய மாடி வீடு. கீழே லுத்பியாவும் புருசனும் வாடகைக்கு இருந்து தையல் கடை நடத்தினார்கள். மேலே டோரினும் அவளுடைய பியானோவும். பியானோ பழக வந்த பிள்ளைகள் குடும்பம் குடும்பமாகக் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட, இரண்டாயிரத்தோராம் ஆண்டு பிறந்தபோது அந்தப் படிகளில் ஏறி வர ஒரு பிள்ளையும் மிச்சமில்லை.

ரெக்கோட் கேட்போம் என்று அவளுக்குத் தோன்றியது அப்போதுதான். தட்டு சுழன்றது, ஊசி இறங்கியது, ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. அம்பிளிபயரைத் தூக்கிக்கொண்டு மருதானையில் பௌஸியின் கடைக்குப் போனாள்.

"ரெக்கோட்டுக்கு உள்ள பகுதி மட்டும் செத்துப்போச்சு மிஸ்" என்றார் பௌஸி, மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு. "இதுக்குச் சாமான் வராது. இப்ப எல்லாரும் சீடிதானே."

கடையில் சாமான் வாங்க வந்து நின்ற ஒருவன் எட்டிப் பார்த்தான். நாற்பது வயதிருக்கும். கழுத்துவரை பொத்தான் பூட்டிய சேட். "நான் ஒரு ப்ரீஅம்ப் செய்து தரலாம்" என்றான். "ஊசி எடுக்கிற சத்தம் சரியான மெல்லிசு. அதைப் பெருப்பிச்சு, பதியேக்க குறைச்ச கீழ்ச் சத்தத்தைத் திரும்பக் கூட்டி, கூட்டின மேல் சத்தத்தைக் குறைச்சு அனுப்ப வேணும். பிறகு மிச்ச வேலையை உங்கட அம்பிளிபயர் பாக்கும்."

"எவ்வளவு எடுப்பீங்க?"

"காசு வேண்டாம். எனக்கு அதைக் கேட்டுச் சொல்ல ஒரு ஆள் வேணும். நீங்க மியூசிக் ரீச்சர் எண்டு பௌஸி நானா சொன்னவர்."

அவன் பெயர் ஸ்ரீஸ்கந்தராசா. ஹோட்டல்களுக்கு ஸ்பீக்கர் பூட்டும் கம்பனி ஒன்றில் வேலை. வெள்ளவத்தையில் நேசமலர் என்ற பெண்ணின் வீட்டில் ஒரு வாடகை அறை. மனைவி ஜெகதீஸ்வரியும் மகளும் கிளிநொச்சியில். வேலைக்கென்று வந்தவனுக்குப் பின்னால் போரில் வடக்குப் பாதை மூடிக்கொண்டது. வேலை முடிந்து அறைக்கு வந்தால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் இப்படி எதையாவது செய்வதாகச் சொன்னான்.

சில கிழமைகள் கழித்து ஒரு சனிக்கிழமை பின்னேரம் வந்தான். ப்ரீஅம்ப் ஒரு பிஸ்கற் தகரத்துக்குள் இருந்தது. மூடியில் இன்னமும் திராட்சைக் கொத்துப் படம். பக்கத்தில் துளையிட்டு வயர்களை வெளியே எடுத்திருந்தான். தட்டு சுழன்றது. பதினேழு வருசம் பெட்டிக்குள் கிடந்த வயலின் அந்த அறைக்குள் வந்து நின்றதுபோல் இருந்தது டோரினுக்கு. அவள் கண்ணை மூடினாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்லாயிருக்கு" என்றாள். "ஆனா அடியில ஒரு இரைச்சல் ஓடுது."

"இரைச்சலோ? எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. எப்படியான இரைச்சல்?"

டோரின் பியானோவுக்குப் போய் இடது கைக்கோடியில் ஒரு கட்டையை அழுத்தினாள். "இது. இதைவிட ஒரு மயிரிழை மேல."

அவன் துள்ளி எழும்பிவிட்டான். "ஐம்பது சைக்கிள்! கரண்ட் இரைச்சல் மிஸ், ட்ரான்ஸ்போமராலதான் வருது. மீற்றர் இல்லாமலே சொல்லிப்போட்டீங்க!"

தன் காதை யாரோ மெச்சி எத்தனை காலம் என்று டோரின் அன்றிரவு படுக்கையில் கிடந்து யோசித்தாள். அடுத்த சனிக்கிழமைக்கு மீன் பற்றிஸ் செய்து வைத்தாள்.

அந்தச் சனிக்கிழமை அவன் ட்ரான்ஸ்போமரைத் தனிப் பெட்டிக்கு மாற்றி நீளமான வயரில் தள்ளி வைத்திருந்தான். இரைச்சல் குறைந்திருந்தது, ஆனாலும் இருந்தது. அதற்கடுத்த முறை வயர்களை முறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தான். டோரின் ஸ்பீக்கருக்குக் கிட்டக் காதைக் கொண்டுபோனாள். ஒன்றுமில்லை. தட்டில் பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் தூசியின் மெல்லிய பொரிச்சல் மட்டும்தான்.

அவன் கதிரை நுனியில் இருந்தான். சின்ன மேசையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. பற்றிஸ் இரண்டைத் தின்றுவிட்டு மகளைப் பற்றிக் கதைத்திருந்தான்: தண்ணீர்ப் பானைக்குள் தலையை விட்டுப் பாடுவாளாம். இரைச்சல் இல்லை என்று சொன்னால் வேலை முடிந்தது. தகரம் இங்கே இருக்கும், அவன் பஸ் ஏறிப் போய்விடுவான்.

"இன்னும் இருக்கு" என்றாள் டோரின். "மெல்லிசா."

சொன்ன பிறகு அது ஒரு பெரிய காரியமாகத் தெரியவில்லை. அவன் தலையாட்டிவிட்டுத் தகரத்தைச் சீலைப் பையில் வைத்துக்கொண்டு போனான். மறு கிழமை வந்தான். அதற்கு மறு கிழமையும் வந்தான். ஒவ்வொரு முறையும் அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள், ஒவ்வொரு முறையும் "கொஞ்சம் இருக்கு" என்றாள். அவன் முகம் வாடுவதை அவள் கண்டாள். கண்டும், சனிக்கிழமைகளை எண்ணி மற்ற நாட்களைக் கழித்தாள்.

யூலை மாதம் விமான நிலையத்தில் தாக்குதல் நடந்தது. அதன் பிறகு கொழும்பில் ஒவ்வொரு சந்தியிலும் பஸ்ஸை நிறுத்திச் சனத்தை இறக்கிச் சோதித்தார்கள். வராதே என்று அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று டோரின் நினைத்தாள். சொல்லவில்லை. அந்தச் சனிக்கிழமை பற்றிஸ் ஆறிப்போனது. ஐந்து மணியளவில் டெலிபோன் அடித்தது. பொலிஸ் ஸ்ரேசனிலிருந்து ஒரு கான்ஸ்டபிள் உடைந்த தமிழில் பேசினான்: ஸ்ரீஸ்கந்தராசா என்ற ஆளை உங்களுக்குத் தெரியுமா?

அவள் அடையாள அட்டையையும், ஏனென்று தெரியாமல் ஒரு இசைத்தட்டையும் எடுத்துக்கொண்டு திறீவீலர் பிடித்தாள்.

பிஸ்கற் தகரம் இன்ஸ்பெக்டரின் மேசையில் திறந்து கிடந்தது. வயர்களெல்லாம் வெளியே இழுக்கப்பட்டிருந்தன. சுவரோரம் வாங்கில் ஸ்ரீஸ்கந்தராசா இருந்தான். கழுத்துப் பொத்தான் அறுந்திருந்தது. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினார். டோரினுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. இது ரெக்கோட் கேட்கிற கருவி, நான்தான் கொண்டுவரச் சொன்னேன் என்று விளக்கி, கையிலிருந்த தட்டையும் காட்டினாள்.

"அது இருக்கட்டும் நோனா" என்றார் அவர். "இந்த ஆள் வன்னிப் பக்கம், புலிகள் இருக்கிற பகுதி. கிழமைக்குக் கிழமை ஒரே பெட்டியோடு துறைமுகத்துக்குக் கிட்ட வந்து போகிறார். கேட்டால் இரைச்சல் திருத்துகிறேன் என்கிறார். படித்த மெக்கானிக். இரண்டு மாதமாகத் திருத்த முடியாத இரைச்சல் உலகத்தில் உண்டா? வருவது வேறு வேலைக்கென்றுதானே நாங்கள் நினைக்க வேண்டும்?"

டோரின் வாங்குப் பக்கம் பார்த்தாள். அவனுக்கும் சிங்களம் விளங்கும்.

"இரைச்சல் இல்லை" என்றாள்.

"என்ன?"

"இரைச்சல் எப்பவோ போய்விட்டது. இருக்கிறது என்று நான் பொய் சொன்னேன். இவர் அதை நம்பித் திரும்பத் திரும்ப வந்தார்."

"ஏன் அப்படிச் சொன்னீர்கள்?"

வெளியே யாரோ ரைப் அடித்துக்கொண்டிருந்தார்கள். "என் வீட்டுக்கு வேறு யாரும் வருவதில்லை" என்றாள்.

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். பிறகு வெள்ளவத்தைக்கு டெலிபோன் எடுத்து நேசமலருடன் பேசி, அவன் தங்கும் இடத்துப் பொலிஸ் பதிவைச் சரிபார்த்து, இருட்டுவதற்குள் அவனைப் போகச் சொன்னார்.

வாசலில் நின்று டோரின் சொன்னாள்: "ஸ்ரீ, என்னை மன்னிக்க வேணும்."

அவன் அறுந்த பொத்தான் இடத்தைக் கையால் பிடித்துக்கொண்டிருந்தான். "கிளிநொச்சியில ஒருக்கா எனக்குக் கிட்ட ஷெல் விழுந்தது மிஸ். அதில காது பழுதாப்போச்சு எண்டு நினைச்சன். உங்களுக்குக் கேக்கிறது எனக்குக் கேக்கேல்லையே. காது டொக்டரிட்டயும் போனனான்." பஸ் வரும் பக்கம் திரும்பினான். "வாங்கோ எண்டு சொல்லியிருந்தா நான் சும்மாவே வந்திருப்பன்."

பஸ் வந்தது. தகரத்தைப் பையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு ஏறிப் போனான்.

அதன் பிறகு அவன் வரவில்லை. டோரின் ஒருமுறை வெள்ளவத்தைக்கு டெலிபோன் எடுத்தாள். "தம்பி வெளியில போயிட்டார்" என்றாள் நேசமலர். பின்னால் ஒரு கதவு சாத்தும் சத்தம் கேட்டது. டோரின் திரும்ப எடுக்கவில்லை. ஞாயிறுகளில் ஓர்கன் வாசித்தாள். கிறிஸ்மஸுக்குச் சிறில் அனுப்பிய வாழ்த்து மட்டையைப் பியானோவின் மேல் நிறுத்தி வைத்தாள். மாசியில் போர்நிறுத்தம் என்றார்கள். சந்திகளில் மண்மூட்டைகள் குறைந்தன. கொட்டாஞ்சேனையில் சனம் இரவு பிந்தியும் தெருவில் நின்று கதைத்தது. அவளுக்கு யாருடன் கதைப்பது என்று தெரியவில்லை.

சித்திரையில், வடக்குக்குப் பாதை திறந்த மறு கிழமை, பின்னேரம் படியில் காலடி கேட்டது.

ஸ்ரீஸ்கந்தராசா மெலிந்திருந்தான். கையில் அதே தகரம். "நாளைக்குக் காலமை வவுனியா பஸ்" என்றான், உட்காராமலே. "பேந்து அங்கால, வீட்டுக்கு. சொன்ன வேலையை முடிக்காமல் போக மனமில்லை."

பற்றிஸ் இல்லை என்று டோரினுக்குச் சங்கடமாக இருந்தது. தேத்தண்ணி வைக்கப் போனவளை, "முதல்ல கேளுங்கோ மிஸ்" என்று மறித்து வயர்களைப் பூட்டினான். தட்டு சுழன்றது. வயலின் வந்தது. முன்னெப்போதையும்விட நன்றாக இருந்தது. ஆனால் பாட்டுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் டோரின் தலையைச் சரித்துக் கேட்டாள். இரைச்சல் இருந்தது. இம்முறை உண்மையாகவே இருந்தது.

"சொல்லுங்கோ" என்றான்.

இல்லை என்றால் அவன் சந்தோசமாகப் போவான். இருக்கிறது என்றால், நாளைக்கு வீட்டுக்குப் போகிற மனிசனை இன்றைக்கும் பிடித்து வைக்கிறாள் என்று நினைப்பான்.

"இருக்கு ஸ்ரீ" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டு. "இடது பக்க ஸ்பீக்கரில மட்டும். சத்தியமா."

அவன் மண்டியிட்டு இடது ஸ்பீக்கரில் காதை வைத்தான். நெடுநேரம் அப்படியே இருந்தான். பிறகு அவன் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறான் என்று விளங்க அவளுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஓம்" என்றான். "இருக்கு. எனக்கும் கேக்குது மிஸ். எனக்கும் கேக்குது!"

தகரத்தைத் திறந்தான். பொலிஸில் இழுத்துப் போட்டதைத் திரும்ப ஒட்டியபோது ஒரு எர்த் வயர் சரியாகப் பிடித்திருக்கவில்லை. டோரின் மேசை விளக்கைச் சரித்துப் பிடிக்க, ஈயத்தை உருக்கி அதை ஒட்டினான். மீண்டும் ஊசியை வைத்தார்கள். இருவரும் ஆளுக்கொரு ஸ்பீக்கரின் முன்னால் தரையில் இருந்து, பாட்டு ஓடி முடிந்து இடைவெளி வரும்வரை காத்திருந்தார்கள்.

"இப்ப இல்லை" என்றாள்.

"இல்லை" என்றான் அவனும்.

தேத்தண்ணி குடித்தான். மகளுக்கு என்ன வாங்கியிருக்கிறான் என்று சொன்னான். நேரமாகிவிட்டது என்று, தகரத்தை ரெக்கோட் பிளேயருக்குப் பக்கத்திலேயே விட்டு எழும்பினான். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்துக் கை காட்டினான். ஆள் தெருமுனையில் மறையும்வரை டோரின் யன்னலில் நின்றாள்.

அவனிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. வீடு போய்ச் சேர்ந்திருப்பான், அங்கே அவனுக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று டோரின் நினைத்துக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை வாடகை கொடுக்க மேலே வந்த லுத்பியா சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"அந்த ரெக்கோட் நானா இப்ப வாறல்லயா மிஸ்?"

"வீட்டுக்குப் போயிட்டார்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் லுத்பியா, மனசார.

"ஓம்" என்றாள் டோரின். "நல்லது."

லுத்பியா கீழே இறங்கிய பிறகு தையல் மெசின்கள் ஓடத் தொடங்கின. டோரின் ரெக்கோட் பிளேயரின் மூடியைத் தூக்கினாள். அத்தனை சனிக்கிழமைகளும் இரைச்சல் பார்ப்பதற்கென்று தட்டின் முதல் பக்கத்தையே போட்டிருந்தார்கள். அவள் அதைப் புரட்டி மறுபக்கத்தை வைத்தாள். அதில் என்ன இருந்தது என்று அவளுக்கு ஞாபகமில்லை. கதிரையை ஸ்பீக்கர்களுக்கு நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.