பட்டியலிலிருந்து எடுத்த வரி

வெள்ளிக்கிழமை மத்தியானம் சலவைக்கூடத்தில் அந்தப் பெரிய இஸ்திரி உருளையை அரை மணி நேரம் ஆறவிடுவார்கள். அந்த இடைவேளையில்தான் அவள் ஃபோன் செய்தாள். பதினோரு வருடமாக நின்றுகொண்டே ஓட்டல் படுக்கை விரிப்புகளை மடித்தவள். பக்கத்தில் நாற்காலி காலியாக இருந்தும் உட்காரத் தோன்றவில்லை.

எதிர்முனையில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஞாயிறுதோறும் சபையில் கொடுக்கும் தாளைத் தட்டச்சு செய்பவர் அவர்தான்.

“அண்ணே, ஜெபப் பட்டியல்ல எங்க வரி ஒண்ணு இருக்குல்ல?”

“ஏலக்காரருக்குப் பேச்சு வரணும்னு. முதல் வரியே அதுதானேம்மா.”

“அத எடுத்துடுங்க.”

“நிஜமாவா தங்கச்சி?” என்றார்.

“நிஜமாத்தான். போதும்ணே.”

“சரிம்மா, சரி. நான் பாத்துக்கறேன்.” மூக்கை உறிஞ்சும் சத்தத்தோடு ஃபோனை வைத்துவிட்டார். ஒரு வரியை எடுக்கச் சொன்னதற்கு இந்த மனுஷன் ஏன் அழுகிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. யோசிக்கத் தெம்பும் இல்லை. உருளை மறுபடி சுற்ற ஆரம்பித்திருந்தது.

அவள் கணவர் காய்கறிச் சந்தையில் ஏலம் விட்டவர். அவர் தக்காளிக்கு விலை கூறினால் மூன்று தெரு தள்ளி இருப்பவர்கள் எழுந்து பல் விளக்குவார்கள் என்று கேலி செய்வார்கள். மூன்று வருடத்துக்கு முன் மூளையில் ஒரு ரத்தக் குழாய் அடைபட்டது. கையும் காலும் பாதியாவது திரும்பி வந்தன, பேச்சு வரவில்லை. யார் என்ன சொன்னாலும் புரியும், பதில்தான் சொல்ல முடியாது. எழுதக் கொடுத்தால் எழுத்துகளும் அவருக்குப் பிடிகொடுக்கவில்லை.

அவள் உபவாசம் இருந்தாள். முழங்கால் காய்த்துப் போகும்வரை ஜெபித்தாள். தேர்வு, காய்ச்சல், வேலை, கல்யாணம் என்று மற்றவர்களின் வரிகள் பட்டியலுக்குள் வந்து நாலு வாரத்தில் கிளம்பிப் போயின. அவர்களுடைய வரி மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தது. “அண்ணி, நம்ம வரிக்கு சபையில ஓய்வூதியமே கொடுக்கலாம்” என்பாள் நாத்தனார். அவள் வாய் அப்படி. ஆனால் அதைச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

இந்தப் புதன்கிழமை பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் அவருடைய ஃபைலை மூடிவிட்டாள். “இனிமே வர வேண்டாம்மா. இதுக்கு மேல முன்னேற்றம் இருக்காது” என்று மென்மையாகத்தான் சொன்னாள். அன்று ராத்திரி வீட்டில் அவள் முழங்காலிடாமலேயே படுத்தாள். கோபமெல்லாம் இல்லை. ஈரத்துணி மூட்டையைத் தூக்கித் தூக்கி ஒரு கட்டத்தில் கை தானாகவே விட்டுவிடும் அல்லவா, அது மாதிரி. வரியை எடுக்கச் சொன்னதைக் கணவரிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாளை வாங்கியதும் பட்டியலின் மேலே பார்த்தாள். அங்கே யாரோ ஒருவரின் முதுகுவலி இருந்தது. இறுக்கமான செருப்பைக் கழற்றியது போல ஒரு நிம்மதி. தாளைத் திருப்பினாள்.

பின்பக்கத்தில் ‘ஸ்தோத்திரங்கள்’ என்ற தலைப்புக்குக் கீழே, தடித்த எழுத்தில்: நம் ஏலக்காரர் சகோதரருக்குப் பேச்சைத் திரும்பக் கொடுத்த தேவனுக்குக் கோடி நன்றி.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தச் சபையில் ஒரு வரி பட்டியலை விட்டுப் போக இரண்டே வழிகள்தான் உண்டு. ஜெபத்துக்குப் பலன் கிடைத்தால் ஸ்தோத்திரத்துக்குப் போகும். ஆள் இறந்துபோனால் இரங்கலுக்குப் போகும். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் ஒருத்தி எடுக்கச் சொல்வாள் என்று கண்ணாடிக் கடைக்காரருக்குக் கனவிலும் தோன்றியிருக்காது.

“அல்லேலூயா!” என்றார் போதகர். “ஏலக்காரர் ஐயா முன்னால வரணும். மூணு வருஷமா கேக்காத அந்தக் குரல இன்னிக்குக் கேக்கப் போறோம்!”

கைதட்டல் கூரையில் முட்டியது. நாத்தனார் அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “எங்கிட்டகூட சொல்லலையே அண்ணி! அழுத்தக்காரி! அண்ணே, ஒரு வார்த்தை சொல்லுண்ணே. என்னைத் திட்டவாவது செய்யி!”

அவள் கணவர் யாரையும் பார்க்கவில்லை. தாளை வாசிக்க முடியாவிட்டாலும் நடப்பது விளங்கிவிட்டது. மனைவியை மட்டும் பார்த்தார்.

அவள் எழுந்து நின்றாள்.

“அவருக்குப் பேச்சு வரல” என்றாள். கைதட்டல் ஓயாததால் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது. “வரல. கண்ணாடிக்கடை அண்ணன் மேல தப்பு இல்ல. நான்தான் வரிய எடுக்கச் சொன்னேன். கேட்டு கேட்டு ஓஞ்சு போயிட்டேன், அவ்வளவுதான். இவர்கிட்டயும் சொல்லல.”

கண்ணாடிக் கடைக்காரர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நாத்தனாரின் கை அவள் தோளிலேயே இருந்தது. போதகர் ஏதாவது வசனம் சொல்வார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். “எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியலம்மா” என்றார் கடைசியில். “இப்படியே கொஞ்ச நேரம் உக்காந்திருப்போம்.” உட்கார்ந்திருந்தார்கள். யாரோ இருமினார்கள்.

வீட்டுக்கு நாலு மாடி. லிஃப்ட் ஓடாத நாள் அது. ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் அவர் நின்று மூச்சு வாங்குவார். இரண்டாவது திருப்பத்தில் அவள் தாங்க முடியாமல் கேட்டாள்.

“கோவமாங்க?”

இல்லை என்று தலையாட்டினார்.

“உங்களுக்காகக் கேக்கறத நான் பாட்டுக்கு நிறுத்திட்டேனே. நீங்களும் தினம் பேச்சுதானே கேக்கறீங்க?”

அதற்கும் இல்லை என்றார்.

“பேச்சு இல்லையா? அப்புறம்? கை சரியாகணுமா?”

இல்லை.

“மறுபடி சந்தைக்குப் போகணுமா? உங்க தங்கச்சி வாய் அடங்கணுமா?”

வாயின் நல்ல பக்கம் சிரித்தது. அதுவும் இல்லை. அவளைச் சுட்டிக் காட்டினார். பிறகு உள்ளங்கையைக் கன்னத்தில் வைத்துத் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார்.

அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. “நான் தூங்கணும்னா?”

ஆமாம்.

“மூணு வருஷமாவா?”

ஆமாம்.

அவள் படியில் உட்கார்ந்தேவிட்டாள். சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. “நான் என்னிக்குங்க தூங்கினேன்? ரெண்டு மணிக்குக் கண்ணு முழிச்சா விடியறவரைக்கும் கூரையதானே பாக்கறேன். உங்களுக்கும் கிடைக்கலையே!”

அவரும் மெல்ல, சுவரைப் பிடித்தபடி, பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தார்.

“உங்களுக்கு அலுத்துப் போகலையா?”

அதற்கு உடனே தலையாட்டவில்லை. நிஜமாகவே யோசித்தார். பிறகு ஆமாம் என்றார், அழுத்தமாக, இரண்டு தடவை.

“அப்புறமும் கேக்கறீங்களா?”

இதைப் போய் ஒரு கேள்வியாகக் கேட்கிறாளே என்பதுபோல் பார்த்தார். நன்றாக இயங்கும் கையை மேலே தூக்கி, வேறு யாரிடம் போவது என்று விரித்துக் காட்டினார்.

யாரோ காய்கறிப் பையோடு அவர்களைத் தாண்டி ஏறிப் போனார்கள். அவள் ஒதுங்கி வழி விட்டாள். சுவரில் தலையைச் சாய்த்தாள். புதன்கிழமைக்குப் பிறகு ஜெபிக்க அவளுக்கு வார்த்தை எதுவும் வரவில்லை. இப்போதும் பெரிதாக எதுவும் வரவில்லை.

“ஆண்டவரே,” என்றாள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்வதுபோல. “இவருக்குப் பேச்சு வேணும். எப்ப தருவீங்க, தருவீங்களா, எனக்குத் தெரியல. நாளைக்கும் கேப்பேன். இன்னும் ரெண்டு மாடி இருக்கு. கூட வாங்க.”

அவர் முழங்கையால் இடித்தார்.

“சரி, சரி. எனக்குத் தூக்கமும் வேணுமாம்.”

முழங்காலில் கையை ஊன்றி முதலில் அவள் எழுந்தாள். பிறகு அவரைத் தூக்கிவிட்டாள்.